அட்டையில் இருப்பவர் வீட்டில் இல்லை: குமரி மாவட்டப் பேரூராட்சி மன்றங்களின் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

வணக்கம். 2022 பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டு வீடுவீடாக வந்தீர்களே, அப்போது உங்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்களில் சிலருடைய விரல்நுனிகள் கறுத்திருந்திருக்கும். வீட்டுக்காரர் எங்கே என்று நீங்கள் கேட்டிருந்தால் "அவரு இல்ல" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வந்திருக்காது. அந்த "இல்ல" என்ற சொல்லில் செத்துப்போனவர் இருக்கிறார். கேரளத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிப்போனவர் இருக்கிறார். வளைகுடாவுக்குப் போய்ப் பேச்சு நின்றுபோனவர், கடலுக்குப் போய்த் திரும்பாதவர், காலையிலேயே குடித்துவிட்டுப் பின்வாசலில் கிடப்பவர் எல்லோரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். அந்த வீடுகளை இழுத்துக்கொண்டு போகிற பெண்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். பதினைந்து வருஷமாக எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஓய்வூதிய மனு, ரேஷன் அட்டை மனு, சான்றிதழ் மனு எல்லாம் எழுதியிருக்கிறேன். அவை எல்லாம் பெரிய அதிகாரிகளின் பெயருக்குத்தான் போகும். ஆனால் எங்கே போனாலும் கடைசியில் "விசாரித்து அறிக்கை தரவும்" என்று நம் ஊருக்கே திரும்பி வந்துவிடும். இந்தப் பெண்ணின் கணவர் உண்மையிலேயே போய்விட்டாரா, இவருக்கு வேறு வருமானம் உண்டா, இந்த வீடு யாருடையது என்று ஊருக்குள் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் அந்த வார்டில் நீங்கள்தான். மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகு உட்கார்ந்தவர்கள் நீங்கள். அதனால் இந்த மடலை மேலே அனுப்பாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் என் அம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அம்மை அண்டி ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். முந்திரி ஆலை என்று சொன்னால் அவருக்கு அது வேறு எதுவோ என்று தோன்றும், அண்டி ஆபீஸ்தான். வறுத்த கொட்டையைத் தல்லி உடைக்கிற பிரிவில் இருந்தார். கொட்டைத்தோட்டில் இருக்கிற எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காகச் சாம்பலைக் கையில் புரட்டிக்கொண்டு உட்காருவார்கள். காலையில் இருட்டு விலகும்முன் கிளம்பிப் போவார். சாயங்காலம் வந்து எங்களுக்கு மரச்சீனி அவித்துச் சாளைக்கறி வைத்துத் தருவார். அந்தக் கையால் சோறு பிசைந்து தந்தால் கறைவாடை அடிக்கும். நாங்கள் அதைச் சொல்லி முகம் சுளித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அப்பா கொத்தனார். கேரளத்தில் வேலை. முதலில் சனிக்கிழமை தோறும் வந்தார். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் ஓணத்துக்கும் கோயில் கொடைக்கும் மட்டும். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அதுவும் நின்றது. அங்கே ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகக் கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அம்மை அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் ரேஷன் அட்டையில் முதல் பெயர் அப்பாவுடையதாகவே இருந்தது. குடும்பத் தலைவர் அவர். அக்காவை நர்சிங் படிக்கவைக்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்று அம்மை சொன்னார். பத்தொன்பது வருஷம் எல்லா இடத்திலும் அதையேதான் சொன்னார். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அவர் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது என்ற பயம். கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு விண்ணப்பம் போடச் சொல்லி நானே கெஞ்சியிருக்கிறேன். "எனக்கு நானே அதை எழுதிக் குடுக்கணுமா மக்களே?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வந்த காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அம்மை பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்றும் பதியவில்லை. கொட்டை எண்ணெயில் வெந்து வெந்து ரேகையே தேய்ந்துபோன கை அது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார். கண்ணைப் பார்த்துப் பதிகிற கருவி வந்த பிறகுதான் அது தீர்ந்தது. அட்டையில் பெயர் இருக்கிறவர் வீட்டில் இல்லை. வீட்டில் இருக்கிறவரை அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. அம்மை காலமாகிவிட்டார். ஆனால் மனு எழுத வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அதே கையைத்தான் பார்க்கிறேன்.

"குமரி மாவட்டத்தில் ஏழை எங்கே இருக்கிறான்?" என்று நம்மவர்களே கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடையது, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள். ஓட்டு வீடு, கிணறு, முற்றத்தில் நாலு தென்னை, சீருடையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 2.2 பேர்தான். அந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் உண்டா, கழிப்பறை உண்டா, வங்கிக் கணக்கு உண்டா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்றெல்லாம் அதில் பார்க்கிறார்கள். நான் சொல்கிற வீடுகளில் இதெல்லாம் உண்டு. ஆனால் எத்தனை இடத்தில் கடன், கம்மலும் தாலியும் எந்தக் கடையில் அடகில் இருக்கிறது, ராத்திரி கடைசியில் சாப்பிடுகிறவருக்கு என்ன மிஞ்சியது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நம் பக்கத்து வறுமை வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. நன்றாகத் துவைத்துத் தேய்த்த சேலை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறது.

சரி, இந்தப் பெண்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

ஆதரவற்ற விதவைக்கு மாத ஓய்வூதியம் உண்டு. 2023 ஆகஸ்டில் அதை ஆயிரத்திலிருந்து 1200 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தது, குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். அது நல்ல திட்டம். எங்கள் தெருவில் முதல்முறையாகத் தன் பெயருக்குப் பணம் வந்ததைப் பார்த்த பெண்கள் உண்டு. கைம்பெண்ணோ கல்யாணமாகாத தனித்த பெண்ணோ நடத்துகிற வீடாக இருந்தால் அவரையே குடும்பத் தலைவியாகக் கருத வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் விதவை ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு உரிமைத் தொகை கிடையாது என்பதும் அதே விதிகளில் இருந்தது. கணவர் கூலிக்குப் போய்ச் சம்பாதிக்கிற வீட்டில் மனைவிக்கு 1000. கணவரே இல்லாத வீட்டில் 1200. ஒரு ஆணின் சம்பாத்தியம் முழுதாக இல்லாமல் போன வீட்டுக்கு அரசு கூடுதலாகத் தருவது மாதம் 200 ரூபாய் என்று ஆகிறது. ஒன்று உழைப்புக்கான உரிமை, இன்னொன்று இழப்புக்கான உதவி. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துக் கழிக்கலாமா? உங்கள் மன்றத்தில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டு அனுப்ப முடியும் அல்லவா?

கைம்பெண்ணுக்காவது இறப்புச் சான்று என்ற காகிதம் இருக்கிறது. என் அம்மையைப் போல விட்டுவிட்டுப் போகப்பட்டவர்களின் பாடு அதைவிடக் கஷ்டம். ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிந்து குறைந்தது 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் சட்டப்படி பிரிந்த சான்று வேண்டும். இருபத்தி நாலு வயதில் இரண்டு குழந்தைகளோடு நிற்கிற பெண் ஆறு வருஷம் எங்கே போவார்? பாலும் மருந்தும் பள்ளிக்கூடமும் அதிகமாக வேண்டியிருப்பது அந்த ஆறு வருஷத்தில்தான். கல்யாணமே ஆகாதவர்கள் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். அவர்களுக்கு 50 வயது ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் வரதட்சணை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பவுனும் சேராமல், எழுதிக் கொடுக்க நாலு சென்ட் நிலமும் இல்லாமல், மூத்தவள் இளையவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, கடைசியில் வயதான அப்பனையும் அம்மையையும் பார்த்துக்கொண்டு அப்படியே நாற்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அந்த வீட்டை நடத்துவது அவர்தான். ஆனால் எந்த மனுவிலும் அவருக்கு ஒரு கட்டம் கிடையாது. மகள் என்று மட்டும் எழுதுவார்கள்.

2013ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், வீட்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்தான் ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர் என்று இருக்கிறது. கணவரைப் பிரிந்திருக்கிற பெண்ணுக்கு விவாகரத்துத் தீர்ப்பு இல்லாவிட்டாலும் நேரில் விசாரித்துத் தனி அட்டை தரலாம் என்று நம் அரசும் சில வருஷம் முன்பே சொல்லிவிட்டது. சட்டம் முன்னால் போய் நிற்கிறது. நாம்தான் பின்னால் இருக்கிறோம். நேரில் விசாரிக்க வருகிறவர் தெருமுனைக் கடையில் ஒரு ஆணிடம் கேட்டுவிட்டு, "சேர்ந்துதான் இருக்காங்கன்னு சொல்றாங்க" என்று எழுதிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணவர் எப்போதாவது குடிக்கக் காசு கேட்டு வந்து கதவைத் தட்டுகிறவர். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் வார்டு உறுப்பினராகிய நீங்கள் கூட நின்று, "எனக்குத் தெரியும், இந்த வீட்டை நடத்துவது இவள்தான்" என்று சொல்லியிருந்தால் காகிதம் வேறு மாதிரி போயிருக்கும்.

கடற்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. ஒருவரைக் காணவில்லை என்றால் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்தக் கணக்கில் போனால் அந்தப் பெண்கள் ஏழு வருஷம் மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. அவர்கள் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் ஆயிரக்கணக்கான பேர் கடற்கரையிலிருந்து நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் தண்டவாளத்தில் இருந்தார்கள். அப்புறம் ஏழு வருஷத்துக்குக் காத்திருக்காமல், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தர அரசு உத்தரவு போட்டது. மனசு வைத்தால் ஏழு வருஷத்தைச் சில மாதங்களாக்க முடியும் என்று அன்றைக்கு நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் புயலே இல்லாத ஒரு சாதாரண நாளில் ஒரு வள்ளத்திலிருந்து ஒரே ஒரு ஆள் காணாமல் போனால் யார் தண்டவாளத்தில் போய் உட்காருவார்கள்? அந்தப் பெண் தலையில் மீன் சருவத்தைத் தூக்கிக்கொண்டு மறுவாரமே நம் வாசலில் வந்து நிற்பார். நாம் விலை பேசி வாங்குவோம்.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகரத்தில் வாழ்கிறவர்கள். நாகர்கோவிலையும் சில நகராட்சிகளையும் விட்டால் மிச்சமெல்லாம் நம்முடைய கிட்டத்தட்ட ஐம்பது பேரூராட்சிகள்தான். இடைக்கோடு நகரமாம். பளுகல் நகரமாம். மலையடிவாரத்தில் ரப்பர் காடு சூழ்ந்து கிடக்கிற கடையாலும் பொன்மனையும் நகரமாம். அங்கே விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிற பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், தான் நகரத்தில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று. வயலும் தோட்டமும் ஓலைப்புரையும் தலைச்சுமடும் தான் அவர் வாழ்க்கை. காகிதத்தில் மட்டும் நகரவாசி.

இதனால் என்ன நஷ்டம் என்றால், நூறு நாள் வேலை நமக்குக் கிடையாது. 2005ஆம் வருஷச் சட்டத்தில் வந்த அந்த வேலை கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாகப் போட்ட புதுச் சட்டமும் கிராமத்துக்குத்தான். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு ரோடு போகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி. அந்தப் பக்கத்துக் கைம்பெண் மண்வெட்டியோடு ஓடை வெட்டப் போவார். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு வைத்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அது முழுதாக வராது, மாதக்கணக்கில் பாக்கி நிற்கும், கேரளத்தில் அதே வேலைக்கு 369 ரூபாய் என்றெல்லாம் அவர்களுக்குக் குறை உண்டு. ஆனால் கேட்க ஒரு வேலை அட்டையாவது கையில் உண்டு. இந்தப் பக்கத்துக் கைம்பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்தில் இருக்கிற இரண்டு பெண்கள். வீடு கட்டுவதும் அப்படித்தான். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஊரகத்துக்கு மட்டும்.

பழைய கதை ஒன்றை உங்கள் மன்றத்தின் மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2004இல் தமிழ்நாட்டில் இருந்த பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்பு கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள், கிராமத்துக்கான மத்திய அரசுத் திட்டங்கள் கிடைக்கட்டும் என்று. 2006இல் மறுபடியும் பேரூராட்சி என்று ஆக்கினார்கள். அந்த 2006இல்தான் நாட்டில் நூறு நாள் வேலையே ஆரம்பித்தது. பெயரை ஒருமுறை மாற்றியவர்களால் இன்னொருமுறையும் ஒரு வழி காண முடியும். நகர்ப்புறத்துக்கும் இதே மாதிரி வேலைத் திட்டம் ஒன்றை 2022இல் தமிழ்நாடு அரசே சோதனை முறையில் சில இடங்களில் ஆரம்பித்தது. அதை நம் பேரூராட்சிகள் அத்தனைக்கும், பெண் நடத்துகிற வீடுகளுக்கு முதலிடம் கொடுத்து, விரிக்கச் சொல்லி நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் என்ன? ஒரு மன்றம் கேட்டால் கோப்பில் போகும். ஐம்பது மன்றமும் ஒரே மாதத்தில் தீர்மானம் போட்டால் சென்னையில் யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

வேலை இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அண்டி ஆபீஸ்களில் கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். வராத மாதம் வேலை இல்லை. உடைக்க இயந்திரம் வந்துவிட்டது, வியட்நாம் பருப்போடு போட்டி வேறு. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவிப்பணம் வாங்க ஆறு மாதத்தில் 78 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். கதவு அடைத்துக் கிடக்கிற ஆலையில் அந்த நாளை எங்கே போய்த் தேடுவது? கணவர் சம்பாதிக்கிற வீட்டுக்கு அண்டி ஆபீஸ் மேல்வருமானம். இந்த வீடுகளுக்கு அடுப்பே அதுதான்.

அப்புறம் குழுக்கடன். பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்து ஒருவருக்கொருவர் ஜாமீனாக வைத்து நிதி நிறுவனங்கள் தருகிற கடன். வாரத் தவணை. ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் அவர் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார வேண்டும். ஆண் துணை இருக்கிற வீட்டில் பேசுகிற தொனி ஒன்று, இல்லாத வீட்டில் பேசுகிற தொனி இன்னொன்று. வசூலுக்கு வந்தவர் இரவு எட்டு மணி வரை எழுந்து போகாமல் திண்ணையிலேயே இருந்த வீட்டில், உள்ளே பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்பிள்ளை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படி மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் நம் சட்டமன்றத்தில் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் இருப்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் வார்டில் ஒரு சாயங்காலம் பெண்களைக் கூட்டி இதை மட்டும் சொன்னாலே போதும், பாதிப் பேருக்கு ராத்திரி தூக்கம் வரும். வசூலுக்கு ஆள் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கு போன் செய்யலாம் என்று உங்கள் எண்ணையும் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான் கேட்பதெல்லாம் பெரிய பணம் வேண்டிய காரியம் இல்லை. உங்கள் வார்டில் ஆண் சம்பாத்தியம் இல்லாத வீடுகளை நீங்களே நடந்துபோய் ஒரு நோட்டில் எழுதுங்கள். அட்டையில் யார் பெயர், வீட்டு வரி ரசீது யார் பெயரில், பட்டா யார் பெயரில், எந்த உதவி வருகிறது, எது நின்றுபோனது என்று எழுதுங்கள். இருபது வருஷம் முன்பு செத்தவர் பெயரில் இன்னும் வீட்டு வரி கட்டுகிற பெண்களை உங்கள் பேரூராட்சி அலுவலகத்திலேயே பார்க்கலாம். பெயர் மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் தெரியும். கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியம் என்று 2022இல் அரசு ஒன்று அமைத்ததே, அதில் உங்கள் வார்டிலிருந்து எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பதியாதவர்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட நீங்கள் போனால் அந்தப் பெண் மூன்று தடவை அலைய வேண்டியதை ஒரு தடவையில் முடிப்பார். ஒரு நாள் அலைந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அண்டி ஆபீஸில் இரண்டு நாள் லீவு போட்டால் மூன்றாம் நாள் அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, எப்படிக் கேட்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். "உன்ன எவன் விட்டுட்டுப் போனான்?" என்று நாலு பேர் நடுவில் கேட்கிற வழக்கம் நம் பெண்களிடமும் உண்டு. என் அம்மை பத்தொன்பது வருஷம் பொய் சொன்னது அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான். இந்த வீட்டை யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல எந்தப் பெண்ணும் கூச மாட்டார்.

எங்கள் வார்டு உறுப்பினரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அக்கா, ஓடைக்கரையில் கடைசி வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும், அடக்கத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். அந்த வீட்டுக்காரருக்கு முப்பத்தி நாலு வயது, வீட்டிலேயே மாரடைப்பில் போனார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தி ஒன்பது. பிள்ளைகள் இரண்டு, சின்னது அங்கன்வாடிக்குப் போகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குப் பணம் கிடையாது, நம் பேரூராட்சி அலுவலகத்திலேயே பதியலாம். விட்டுவிட்டால் தாமதக் கட்டணம், பிறகு உத்தரவு என்று வருஷக்கணக்கில் இழுக்கும். வாரிசுச் சான்று, ஓய்வூதியம், வரி ரசீது எல்லாம் அந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். அந்தப் பெண் இன்னும் முற்றத்தை விட்டு வெளியே வரவில்லை. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். விண்ணப்பத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன், ஆதார் நகலும் எடுத்துவிட்டேன். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நான் அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறேன். நீங்களும் வந்துவிடுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி,
விளவங்கோடு தாலுகா